இராட்சதப் பூசணி: கொடி புதைத்த பிறகு வரும் கோளாறுகளும் நீக்கும் வழிகளும்

யூலை பிறந்தால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "தம்பி, நீர் சொன்ன மாதிரித்தான் கொடியைப் புதைச்சனான். இப்ப இலையெல்லாம் தொங்குது. என்ன செய்யிறது?" கூடவே படம் ஒன்றும் வரும். படத்தில் இலை தெரியும், பூ தெரியும், காய் தெரியும். கோளாறு மட்டும் தெரியாது, அது மண்ணுக்குள் இருக்கிறது. ஆகவே எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: மருந்துக் கடைக்குப் போகமுதல் கையால் மண்ணை விலக்கி ஒரு கணுவைப் பாருங்கள். வலிக்கிற இடம் ஒன்று, காரணம் இருக்கிற இடம் இன்னொன்று என்பது இந்தச் செடியில் அடிக்கடி நடக்கிறது.

இங்கே ஒன்ராறியோவில் இராட்சதப் பூசணி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் நடுவது அற்லான்ரிக் ஜயன்ற் இனத்தை. நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் வின்ஸர் என்ற ஊரில் ஹவர்ட் டில் என்ற விவசாயி பல ஆண்டுகள் தெரிந்தெடுத்து உருவாக்கிய இனம் அது. 1981இல் அவர் தராசில் ஏற்றிய காய் 493.5 இறாத்தல். 2023 ஒக்ரோபரில் கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பே போட்டியில் வென்ற காய் 2,749 இறாத்தல், ஏறக்குறைய 1,247 கிலோ. அந்த அளவு பாரத்துக்குத் தேவையான தண்ணீரைத் தூரில் உள்ள வேர் மட்டும் இழுத்துக் கொடுக்காது. கொடியில் கணுவுக்குக் கணு வேர் இறங்க வேண்டும். கொடி புதைப்பது அதற்காகத்தான்.

ஊரில் வற்றாளை நட்டுப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகப் படும். வற்றாளைக் கொடி கணுவில் வேர்பிடித்தால் கிழங்கு சிறுத்துவிடும் என்று தூக்கிப் புரட்டிவிடுவோம். இங்கே அந்த வேரைத்தான் கூப்பிட்டு இறக்குகிறோம். மல்லிகைக்குப் பதியம் வைத்த கை இருந்தால் வேலை சுலபமாகப் பிடிபடும்.

சரியாகப் புதைத்த கொடி எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் பிழை தெரியும். கொடிக்குக் கீழே இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் சின்ன வாய்க்கால் ஒன்று. அதில் கொடி படுத்திருக்கும். அதன்மேல் ஈரப்பதமான மண்ணும் நன்றாக மக்கிய கூட்டெருவும் கலந்து இரண்டு அங்குல அணைப்பு. இலைக்காம்பு மண்ணுக்கு வெளியே நேராக நிற்கும். பற்றுக்கம்பிகளையும் தேவையில்லாத பக்கத் தளிர்களையும் கிள்ளிவிட்ட பிறகுதான் மண் போட்டிருக்கும். வளரும் நுனியில் இரண்டு அடி எப்போதும் திறந்தே இருக்கும். தாய்க்கொடி நல்ல வெயில் காலத்தில் நாளுக்கு ஒரு அடிக்கு மேல் ஓடும் என்பதால் இந்த வேலையை இரண்டு நாளுக்கு ஒரு தடவையாவது செய்ய வேண்டும். ஒரு கிழமை விட்டுவிட்டுச் சேர்த்துச் செய்யலாம் என்று நினைப்பவர்களுக்குத்தான் கீழே உள்ளவற்றில் பாதி வருகிறது.

புதைத்துப் பத்து நாளாகியும் கணுவில் வேர் இல்லை

மண்ணை விலக்குங்கள். நல்ல கணுவில் கொடியின் அடிப்பக்கம் வெள்ளை வேர் ஒன்று, இடியப்பத் தும்பின் மொத்தத்தில், நேரே கீழே இறங்கியிருக்கும். இலைக்காம்பு கொடியோடு சேரும் இடத்தின் மேற்பக்கத்தில் இன்னொன்று இருக்கும். இந்த மேல்வேரைப் பலர் கவனிப்பதில்லை. அது முதலில் மேல்நோக்கி அரை அங்குலம் எழும்பும், மண் பட்டால் வளைந்து கீழே இறங்கும். மண் படாவிட்டால் நுனி காய்ந்து பழுப்பு முள்ளாக நின்றுவிடும். கொடியைச் சும்மா தரையில் ஓடவிட்டால் அடிவேர் எப்படியும் மண்ணைத் தேடிப் பிடித்துவிடும், மேல்வேர் வீணாகும். கொடிக்கு மேலும் மண் போடுவதன் முழு இலாபமும் இந்த இரண்டாவது வேரில் இருக்கிறது.

நீங்கள் பார்க்கும் கணுவில் பழுப்பு முள் நின்றால் புதைக்கத் தாமதித்துவிட்டீர்கள். அந்த வேர் இனி உயிர்க்காது. அந்தக் கணுவை அப்படியே மூடிவிட்டு நுனிப்பக்கம் உள்ள இளம் கணுக்களைக் கவனியுங்கள். நுனியில் இருந்து நான்காவது ஐந்தாவது இலையின் கணுவில் வெள்ளைப் பொட்டாக வேர் முளை தெரியும். மண் போட வேண்டிய பருவம் அது.

முளை இருக்கிறது, வெள்ளையாகவும் இருக்கிறது, நீளவில்லை என்றால் மண்ணில் ஈரம் இல்லை. விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். தூருக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுபவர்கள் எல்லோரும் இந்தக் குறையோடு வருகிறார்கள். கொடி இருபதடி தள்ளிப் போய்விட்டது, குழாய் மட்டும் இன்னும் தூரிலேயே கிடக்கிறது. ஈரமில்லாத மண்ணுக்குள் வேர் போகாது. புதைத்த கொடி நெடுகச் சொட்டுநீர்க் குழாய் போடுங்கள், அல்லது பூவாளியால் கணுக்கணுவாக நனையுங்கள். சூடான யூலை நாளில் முழுதாக விரிந்த செடிக்கு நான் 250, 300 லீற்றர் கொடுக்கிறேன். அதில் தூருக்குப் போவது கால்பங்குகூட இல்லை.

ஈரமும் இருந்து வேர் ஓடவில்லை என்றால் மண் இறுகியிருக்கிறது. நீங்களே மிதித்து இறுக்கியதாக இருக்கும். கொடி வரப்போகும் பாதையில் மிதிக்காதீர்கள். ஒரு அடி அகலப் பலகையைக் குறுக்கே போட்டு அதன்மேல் நின்று வேலை செய்யுங்கள். இறுகிவிட்ட இடத்தில் கொடிக்கு முன்னே முள்மண்வெட்டியால் குத்தி இளக்கிக் கொண்டு போகலாம். கொடி படுத்த பிறகு அதன் அருகில் குத்த வேண்டாம்.

புதைக்கும்போது கொடி முறிகிறது

காலையில் வேலைக்குப் போகமுதல் செய்பவர்களுக்கு இது நடக்கும். இரவெல்லாம் தண்ணீர் இழுத்த கொடி காலையில் வெண்டிக்காய் போலப் பொருமி இருக்கும், வளைத்தால் டக்கென்று போய்விடும். மத்தியானம் கழிந்து வெயிலில் கொஞ்சம் தளர்ந்த பிறகு தொடுங்கள். அதே கொடி கையில் கயிறு மாதிரி வரும்.

திசை திருப்ப வேண்டுமென்றால் ஒரே நாளில் திருப்பக் கூடாது. மூங்கில் தடி ஒன்றைக் கொடியின் பக்கத்தில் ஊன்றி, இன்று நான்கு விரல், நாளைக்கு நான்கு விரல் என்று தள்ளிக்கொண்டு போங்கள். பற்றுக்கம்பி எதையாவது பிடித்துக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். புல்லைப் பிடித்த ஒரு கம்பி போதும், இழுக்கும்போது கொடி அந்த இடத்தில் வெடிக்கும்.

முறிந்தே விட்டதா? முழுதாகத் துண்டிக்கவில்லை, பாதி நார் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றால் பதற வேண்டாம். வெடிப்பை ஒட்டிச் சேர்த்து, கொடி அசையாதபடி இரு பக்கமும் தடி ஊன்றி, வெடிப்பின் மேல் மட்டும் மண் போடாமல் காற்றுப்பட விடுங்கள். வெடிப்புக்கு அப்பால் உள்ள கணுக்கள் ஏற்கெனவே வேர் இறக்கியிருந்தால் அந்தப் பகுதி தன் வேரிலேயே பிழைக்கும். தாய்க்கொடியின் நுனி போய்விட்டால் அதற்குப் பின்னால் உள்ள நல்ல பக்கக்கொடி ஒன்றை நேராக்கித் தாய்க்கொடியாக ஓடவிடலாம். யூன் மாதத்தில் நடந்தால் அந்த வருடம் போகாது.

மத்தியானம் இலை வாடுகிறது

பின்னேரம் ஆறு ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். நிமிர்ந்துவிட்டதென்றால் பெரும்பாலும் நோய் இல்லை. இவ்வளவு பெரிய இலை உச்சி வெயிலில் இழக்கும் தண்ணீரை வேர் உடனே ஈடுசெய்ய முடியாமல் தொங்குகிறது. மழை பெய்து மூன்று நாள் மப்பாக இருந்து, நான்காம் நாள் வெயில் எறித்தால் நல்ல செடியும் தொங்கும். அந்த நேரத்தில் பயந்துபோய் இன்னும் தண்ணீர் ஊற்றுவதுதான் பிழை. ஈரமான மண்ணில் மேலும் ஊற்றினால் வேருக்குக் காற்று இல்லாமல் போகும், அடுத்த தலைப்பில் உள்ள அழுகல் வந்து சேரும்.

பின்னேரமும் நிமிரவில்லை, மறுநாள் காலையிலும் தொங்குகிறது என்றால் எது தொங்குகிறது என்று பிரித்துப் பாருங்கள். ஒரு பக்கக்கொடி மட்டும் என்றால் அந்தக் கொடியில்தான் காரணம் இருக்கிறது: துளைப்பான் புழு, முறிவு, எலிப் பொந்து. கொடி நெடுக மண்ணை விலக்கி வாருங்கள். புதைத்த மண் இளக்கமானது என்பதால் வயல் எலிக்கு அதற்குள் வழி போடுவது சுகம். உள்ளே காலியாக இருந்தால் வேர் மண்ணில்லாமல் அந்தரத்தில் தொங்கும். பொந்தைக் குத்தி மூடி மண்ணை இறுக்கி நனைத்துவிட்டால் போதும். முழுச்செடியும் தொங்கினால் நேரே தூருக்குப் போங்கள்.

தூரில் நுரை, புதைத்த இடத்தில் நாற்றம்

சில வருடங்களுக்கு முன் ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஒரு காலை. செடிக்குக் கிட்டப் போகமுன்பே மணம் வந்தது. பழஞ்சோறு இரண்டு நாள் கூடுதலாகப் புளித்த மாதிரி. தூரின் மண்ணைக் கையால் விலக்கினேன். தாய்க்கொடியின் அடியில் காசளவு வெடிப்பு ஒன்று, அதில் இருந்து மஞ்சள் கலந்த நுரை மெதுவாகப் பொங்கி மண்ணில் வடிந்துகொண்டிருந்தது. சுற்றிவர ஈக்கள். காய் அப்போது நாளுக்குப் பத்துக் கிலோவுக்குக் குறையாமல் ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் காலையை நான் இன்னும் மறக்கவில்லை.

என் பிழை எதுவென்று அப்போதே தெரிந்தது. யூனில் தூரைச் சுற்றி மண்ணை மேடாக அணைத்து, இலைக்காம்புகளின் அடியையும் மூடியிருந்தேன். பூசணி இலைக்காம்பு உள்ளே குழாய். வயதான இலை ஒடிந்தால் அந்தக் குழாய்க்குள் மழைத்தண்ணீர் நிற்கும், கணுவரை அழுகும். மண்ணும் மூடியிருந்தால் அது காயவே காயாது.

செய்ய வேண்டியது உடனே செய்ய வேண்டும். தூரைச் சுற்றியுள்ள மண் முழுவதையும் விலக்கித் தண்டை வெளியே எடுங்கள். கூரான கத்தியால், நுரை வரும் இடத்தில் மெத்தென்று இருக்கும் சதை எல்லாவற்றையும் கடினமான பச்சைச் சதை தெரியும்வரை சுரண்டுங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து துணியால் ஒற்றி எடுங்கள், கத்தியையும் அதிலேயே கழுவுங்கள். பிறகு காயவிடுங்கள். சின்ன மேசை விசிறி ஒன்றைத் தூருக்குப் பக்கத்தில் வைத்து இரவும் பகலும் ஓடவிடுங்கள், மழை படாமல் மேலே பலகை சாய்த்து விடுங்கள், மின்கம்பி நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூருக்கு இனித் தண்ணீரே வேண்டாம். தண்ணீர், பசளை எல்லாம் புதைத்த கணுக்களுக்கு.

அன்று நான் சுரண்டியதில் தண்டின் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பத்து நாளில் காயம் மரப்பட்டை போலக் காய்ந்தது. காய் நிற்காமல் வளர்ந்தது, ஏனென்றால் தாய்க்கொடியில் பத்தடி நீளத்துக்கும் எட்டுப் பக்கக்கொடிகளிலும் கணுவேர்கள் இறங்கியிருந்தன. கொடி புதைப்பதைக் காப்புறுதி என்று இங்குள்ள பழைய ஆட்கள் சொல்வது இதைத்தான். தூர் போனாலும் செடி போகாது.

அதற்குப் பிறகு தூரில் இருந்து முதல் இரண்டு அடியை நான் புதைப்பதில்லை. யூலை நடுவில் தூருக்குக் கிட்ட உள்ள மூன்று நான்கு பழைய இலைகளை வெட்டிக் காற்றோட்டம் கொடுக்கிறேன். வெட்டிய காம்பின் குழாய் மேல்நோக்கி நிற்காதபடி, கணுவோடு ஒட்ட அல்ல, ஓர் அங்குலம் விட்டுச் சரிவாக வெட்டினால் தண்ணீர் தங்காது.

தூரில் இல்லாமல் நடுக்கொடியில் அழுகல் என்றால் மண்ணுக்குள் போட்டதைப் பாருங்கள். கிள்ளாமல் புதைத்த பற்றுக்கம்பி, உதிர்ந்த பூ, மக்காத எரு, இவை மூன்றும் கொடியோடு ஒட்டி அழுகி அதையும் அழுக வைக்கும். பச்சை எரு வேரைச் சுடவும் செய்யும், வேர் நுனி கருகிக் கிடக்கும். அப்படியான மண்ணை முழுவதும் எடுத்துவிட்டுத் தோட்டத்து மண்ணையே போடுங்கள். கூட்டெருவைக் கையில் எடுத்து மணந்தால் முதல் மழை விழுந்த நிலத்தின் மணம் வர வேண்டும். வேறு எந்த மணம் வந்தாலும் கொடிக்கு மேல் போடாதீர்கள்.

ஒரு பள்ளத்தில் உள்ள கொடிகள் மட்டும் கரும்பச்சையாக நீர்கோத்து, இரண்டு மூன்று நாளில் விழுந்துவிட்டால் அது வெள்ளம் நின்ற மண்ணில் பரவும் பங்கசாக இருக்கலாம். அதற்கு அந்தப் பகுதியை வெட்டி அகற்றுவதைவிட வேறு வழி நான் காணவில்லை. அகற்றியதைக் கூட்டெருக் குவியலில் போட வேண்டாம்.

கொடியில் மரத்தூள் மாதிரி ஏதோ தள்ளுகிறது

இது தண்டு துளைப்பான். இங்கே யூன் கடைசியில் இருந்து யூலை முழுவதும் அதன் அந்து பறக்கும். அந்து என்றாலும் பகலில் பறப்பது, செம்மஞ்சள் வயிறும் கரும்புள்ளியும் உள்ளது, தூரத்தில் குளவி என்றே நினைப்பீர்கள். தண்டிலும் இலைக்காம்பின் அடியிலும் தனித்தனியாக முட்டையிடும். முட்டை கடுகைவிடச் சிறிய பழுப்புத் தட்டு. ஒரு கிழமை, பத்து நாளில் பொரித்த புழு நேரே தண்டுக்குள் போய்விடும். அதன்பிறகு மேலே அடிக்கும் மருந்து அதைத் தொடாது.

புதைத்த கொடியில் இதைக் கண்டுபிடிப்பது சிரமம், துளை மண்ணுக்குள் மறைந்திருக்கும். அதனால் மண்ணோடு சேரும் இடத்தில் இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். ஈரமான மரத்தூள் போல மஞ்சள்பழுப்பு எச்சம் ஒட்டியிருந்தால் உள்ளே புழு இருக்கிறது. கொடியின் மண்ணை விலக்கி, துளையில் இருந்து கொடியின் போக்கிலேயே நீளவாக்கில் கத்தியால் கீறுங்கள். குறுக்கே வெட்டினால் நீர் போகும் குழாய்கள் அறுந்துவிடும். ஒன்றிரண்டு அங்குலத்துக்குள் வெள்ளைப் புழு, பழுப்புத் தலையோடு, கொழுத்துக் கிடக்கும். எடுத்து நசுக்குங்கள். ஒரு துளையில் ஒன்றுதான் என்று நினைத்து விடாமல் எச்சம் முடியும்வரை கீறிப் பாருங்கள். பிறகு கீறலைச் சேர்த்து அழுத்தி, ஈரமண்ணால் மூடிவிடுங்கள். முறிந்த கொடிக்குக் காற்றுவிடச் சொன்னவன் இதற்கு மண் போடச் சொல்கிறானே என்றால், இங்கே கீறல் நேர்த்தியானது, சுத்தமான கத்தியால் கீறியது, அருகில் உள்ள கணுக்கள் உடனே புதுவேர் விட வேண்டும். நாலைந்து நாள் கழித்து மண்ணை விலக்கிப் பாருங்கள். மணம் இல்லை, சதை கெட்டியாக இருக்கிறது என்றால் மூடிவிடலாம்.

இந்தப் புழு வளர்ந்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டிக் குளிர்காலத்தைக் கழிக்கும். போன வருடம் வந்த நிலத்திலேயே இந்த வருடமும் நட்டால் உள்ளிருந்தே அந்து எழும்பும். இடம் மாற்ற முடியாத சின்ன வளவு உள்ளவர்கள் யூன் கடைசியில் இருந்து தினமும் பகலில் தண்டுகளைத் தடவி முட்டையை நகத்தால் சுரண்டுவதுதான் வழி. கண் தெளிவான பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், அவர்கள் உங்களைவிட விரைவாகக் கண்டுபிடிப்பார்கள்.

காம்பு இழுபடுகிறது, கொடி தூக்குகிறது

என்னைக் கேட்டால் நல்ல காய்கள் அநியாயமாகப் போவது இதனால்தான். ஒழுங்காகப் புதைக்கத் தெரிந்தவர்களுக்கே இது வரும்.

காய் முதலில் உதைபந்து அளவில் தரையில் இருக்கிறது. கொடியும் தரையில் இருக்கிறது. ஒரு மாதத்தில் காயின் தோள் உங்கள் இடுப்புக்கு வருகிறது. காம்பு தோளோடு சேர்ந்து மேலே போக வேண்டும், காம்போடு கொடியும் எழும்ப வேண்டும். காய்க்கு இரு பக்கமும் கணுக்கள் வேர் இறக்கி நிலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் கொடி எழும்பாது. காய் விடாது, வேரும் விடாது. நடுவில் காம்பு கிழியும். சில நேரம் இரவில் கிழிந்து காலையில் காய் தனியாகக் கிடக்கும்.

ஆகவே காய் நிற்கும் இடத்துக்கு இரு பக்கமும் மூன்றடிக்குக் கொடியைப் புதைக்கவே கூடாது. காய் எங்கே நிற்கும் என்று முன்பே எப்படித் தெரியும்? தூரில் இருந்து பத்தில் இருந்து பதினான்கு அடிக்குள் வரும் பெண்பூவைத்தான் பெரும்பாலும் வைத்துக்கொள்வோம். அந்த நீளத்தை மகரந்தம் சேர்த்துக் காய் பிடிக்கும்வரை புதைக்காமல் விடுங்கள். காய் உறுதியான பிறகு மூன்றடி தள்ளி அப்பாலுள்ளதைப் புதைக்கலாம்.

ஏற்கெனவே புதைத்துவிட்டீர்கள் என்றால் காம்பின் இரு பக்கமும் கணுவேர்களை வெட்ட வேண்டும். ஒரே நாளில் அல்ல. காய்க்குக் கிட்டவுள்ள கணுவின் வேரை இன்று, அடுத்ததை இரண்டு நாள் கழித்து. விரலைக் கொடிக்கு அடியில் விட்டு, வேரைத் தொட்டு உணர்ந்து, சின்னக் கத்தரியால் கொடியில் இருந்து ஓர் அங்குலம் கீழே வெட்டுங்கள். வெட்டியதும் கொடி அரை அங்குலம் தானாக எழும்புவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். எவ்வளவு இழுவையில் இருந்தது என்று அப்போதுதான் விளங்கும். எழும்பிய இடைவெளிக்குள் மண்ணைத் தள்ளாதீர்கள். உருட்டிய துணி, மரக்கட்டை, எதையாவது தாங்கலாக வையுங்கள், கிழமைக்கு ஒரு தடவை உயர்த்துங்கள்.

கூடவே காய்க்குப் பக்கத்தில் உள்ள பக்கக்கொடிகளையும் பாருங்கள். காய் அகலும்போது அவற்றின் மேல் ஏறி நசுக்கும், அல்லது தாய்க்கொடியைப் பக்கவாட்டில் தள்ளும். காயை முட்டப்போகும் பக்கக்கொடியை யூலையிலேயே அகற்றிவிடலாம். காம்பும் கொடியும் செங்கோணமாக நின்றால் நல்லது, காய் சின்னதாக இருக்கும்போது ஒரு நாளுக்கு ஓர் அங்குலம் வீதம் அதைத் திருப்பலாம். உதைபந்து அளவு தாண்டிவிட்டால் காயைத் தொடாமல் கொடியைத்தான் நகர்த்த வேண்டும். நான் வைத்திருக்கும் அளவு இதுதான்: காயின் தோளுக்கும் கொடிக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். ஓகஸ்ட்டில் ஒவ்வொரு பின்னேரமும் போய் விரலை வைத்துப் பார்ப்பேன்.

காற்று கொடியைப் புரட்டிப் போட்டுவிட்டது

புதைக்காத நுனிப்பகுதியில்தான் இது நடக்கும். நுனிக்குப் பின்னால் இரண்டு மூங்கில் தடிகளைக் கொடிக்கு மேலே பெருக்கல் குறியாக ஊன்றிவிட்டால் காற்று தூக்காது. கொடி நீள நீளத் தடியையும் முன்னே மாற்றுங்கள். புரண்டு கிடப்பதை உடனே திருப்பினால் காம்புகள் ஒடியும். வெயிலில் தளர்ந்த பிறகு மெதுவாகத் திருப்பி, அன்றே அந்தக் கணுக்களுக்கு மண் அணையுங்கள். வேர் பிடித்த கொடியைச் சாதாரண காற்று அசைக்காது.

கொடி நாடா மாதிரித் தட்டையாகிவிட்டது

இரண்டு மூன்று கொடிகள் ஒட்டிப் பிறந்தது போல அகலமாகி, இலைகள் நெருக்கமாக வரும். புதைத்த முறையால் வந்ததல்ல, இந்த இனத்தில் சில விதைகளுக்கு இது இருக்கிறது. நுனியில் சில அடிகள் பார்த்துவிட்டு, திரும்ப உருண்டையாகாவிட்டால் அதை வெட்டி, பின்னால் உள்ள பக்கக்கொடியைத் தாய்க்கொடியாக்குங்கள். தட்டைக்கொடியில் காய் வைக்க நான் துணிவதில்லை.

புதைத்த பக்கம் இலை மஞ்சளாகிறது

தூருக்குக் கிட்டவுள்ள பழைய இலைகள் ஓகஸ்ட்டில் மஞ்சளாவது வயது, விடுங்கள். நரம்பு பச்சையாக, இடையில் மட்டும் மஞ்சள் என்றால் மக்னீசியக் குறைவாக இருக்கலாம், மண் பரிசோதனை செய்து பார்த்த பிறகு எப்சம் உப்பு கொடுங்கள். மண்ணோடு மரச்சீவலோ வைக்கோலோ கலந்து புதைத்தவர்களுக்கு இலை முழுவதும் வெளிறும். அவை மக்கும்போது மண்ணில் உள்ள நைதரசனை இழுத்துக்கொள்ளும். மரச்சீவலை மேலே மூடாக்காகப் போடலாம், கொடியோடு புதைக்கக் கூடாது.

கொடி காடாகிவிட்டது, புதைக்க இடமில்லை

பக்கக்கொடிகள் தூரில் நீளமாகவும் நுனிக்குப் போகப் போகக் குட்டையாகவும் இருக்க வேண்டும், மேலிருந்து பார்த்தால் நத்தார் மரம் போல. எனக்கு இருபதடிக்கு முப்பதடி நிலம். பக்கக்கொடி பத்தடி வந்ததும் நுனியைக் கிள்ளி, கிள்ளிய முனையை மண்ணுக்குள் செருகிவிடுகிறேன், முனை காய்ந்து பின்னோக்கி வராது. பக்கக்கொடியில் இருந்து கிளைக்கும் சின்னக்கொடிகள் எல்லாவற்றையும் விரல் நீளத்திலேயே கிள்ள வேண்டும். அவற்றையும் புதைத்து வைத்துக்கொள்ளலாமே என்று ஆசைப்படாதீர்கள். இலை மேல் இலை ஏறினால் கீழே உள்ளது வெயில் காணாது, வெண்பூஞ்சணம் பிடிக்கும்.

ஒக்ரோபர் முதல் கிழமைகளில் போர்ட் எல்ஜின் போன்ற இடங்களில் காய் தராசுக்குப் போன பிறகு நிலத்தில் வெறும் கொடி கிடக்கும். அதை அப்படியே இழுத்துக் குப்பையில் போடாதீர்கள். முள்மண்வெட்டியைக் கொடிக்கு ஓரடி தள்ளி இறக்கி, கணுக்கணுவாகக் கிளப்பிப் பாருங்கள். எந்தக் கணுவில் இரண்டு வேரும் இறங்கியிருக்கிறது, எதில் ஒன்றுதான், எது அழுகிக் கிடக்கிறது என்று தடிகளில் குறித்து, அந்த இடங்களில் நிலம் எப்படி இருந்தது, தண்ணீர் எட்டியதா, நீங்கள் எந்தக் கிழமை மண் போட்டீர்கள் என்று கொப்பியில் எழுதிவையுங்கள். அடுத்த மே மாதம் வாய்க்கால் கீறமுதல் அந்தக் கொப்பியைத் திறங்கள்.